சாரங்கியின் வலது கை

அத்தியாயம் 6

சாரங்கிக்குப் பன்னிரண்டாவது மிரட்டல் வியாழக்கிழமை பகல் ஒன்று நாற்பதுக்கு வந்தது. அந்த நேரம் நானும் மேடமும் டென்மார்க்கில் இக்காஸ்ட் ஸ்டேஷனிலிருந்து அவள் அப்பா தேவராசாவின் காரில் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இந்த நாட்டில் நவம்பர் என்று ஒரு மாதத்தை எதற்குத்தான் வைத்திருக்கிறார்களோ என்று அலுத்துக்கொண்டிருந்தார். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் வேண்டியிருக்கும்.

மேடம் என்றால் பரமேஸ்வரி மேடம். இருபத்தாறு வருடம் டேனிஷ் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் தமிழ் மொழிபெயர்த்தவர். ஊரில் உள்ளவர்கள் சொன்ன பொய்யையெல்லாம் தன் வாயாலேயே டேனிஷில் திருப்பிச் சொல்லிச் சொல்லி, பொய்யின் ருசி அவருக்கு நாக்கிலேயே தெரியும். ரிட்டயரான மறுமாதம் ஹோர்சன்ஸில் ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் ஹரிப்ரியா, கோயம்புத்தூர். சாஃப்ட்வேர் கம்பெனி என்னை வெளியே அனுப்பிய வாரத்தில் அந்த மாடிப்படி கண்ணில் பட்டது. கீழே பல்லைக் குடைகிற சத்தம், மேலே நான். இரண்டுக்கும் நடுவில் மேடம் எப்படி யோசிக்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதை முழுக்க என் கை நடுங்கிக்கொண்டுதான் இருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாரங்கி எங்கள் இருவரையும் தன் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். பத்தொன்பது வயது. ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. லிங்பாக்கன் கல்லூரியின் ஹேண்ட்பால் அணிக்குத் தலைவி. இக்காஸ்ட் டவுன் பஸ்ஸின் பின்பக்கத்தில் அவள் பந்து எறிகிற படம் முழு உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது. பஸ்ஸில் சிரிக்கிற அந்த முகம் இங்கே உதட்டைக் கடித்துக்கொண்டு கைபேசியை நீட்டியது.

"அன்ரி, இதை அம்மாக்குக் காட்டேல்லை. அப்பாக்கும் காட்டேல்லை. இப்பதான் வந்தது."

டேனிஷில் இருந்தது. மேடம் வழக்கம்போலச் சத்தமாக மொழிபெயர்த்தார்.

"பேசாதே என்று பதினொரு தடவை சொல்லியாயிற்று. இனிச் சொல்லப்போவதில்லை. உன் வலது கையால் பிடிக்க வேண்டியதையெல்லாம் இன்றைக்கே பிடித்துக்கொள்."

முன்பு வந்த பதினொன்றும் இப்படி இல்லை. 'பேசாதே. பேசினால் கை முறியும்', அவ்வளவுதான், பதினொன்றும் ஏறக்குறைய ஒரே அச்சு. இரண்டு மூன்று மிரட்டலுக்கு ஒரு புது நம்பர். திருப்பி அடித்தால் அணைத்து வைத்திருப்பார்கள். இந்தப் புது நம்பருக்கும் நான்கு தடவை அடித்துப் பார்த்தேன். அணைத்திருந்தது.

விஷயம் இதுதான். அன்று மாலை நாலு மணிக்குக் கல்லூரி ஹாலில் வீராங்கனைகள், பெற்றோர், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் கூடுகிறார்கள். அணியின் சார்பில் சாரங்கி பேச வேண்டும். சம்பளமும் காப்பீடும் எழுதிக் கொடுக்கிறவரை ஆடமாட்டோம் என்பது பேச்சின் சாரம். அவள் பேசினால் மற்றப் பதினைந்து பேரும் நிற்பார்கள், பேசாவிட்டால் ஒருத்தியும் நிற்கமாட்டாள். இது அவளுக்கும் தெரியும், மிரட்டுகிறவனுக்கும் தெரியும்.

"ஹால் நிறைய டிக்கெட் விக்கினம், அன்ரி. நேரடி ஒளிபரப்பு விக்கினம். கோச்சுக்குச் சம்பளம், டாக்டருக்குச் சம்பளம், தரை துடைக்கிறவருக்குச் சம்பளம். எங்களுக்கு ட்ராக்சூட்டும் வாழைப்பழமும்." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பாதியில் டேனிஷுக்கு மாறினாள். "போன வருடம் எங்கள் கோல்கீப்பர் ஃப்ரெயாவுக்கு முழங்கால் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். அடுத்த வாரமே அவள் சட்டையை வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள். படிக்க வந்த பிள்ளைகள், அனுபவம்தான் உங்கள் சம்பளம் என்கிறார்கள்."

"பயமா இருக்கோ?" என்றார் மேடம்.

"ஓம்," என்றாள். உடனே, "பேசமாட்டன் எண்டு சொல்லேல்லை," என்றாள்.

மேடம் பன்னிரண்டு மிரட்டலுக்கும் தேதியும் நேரமும் என்னிடம் எழுதி வாங்கினார். போலீஸில் பழகிய கை, முதலில் நேரத்தைத்தான் கேட்கும். திங்கள் ஒன்பது ஐம்பத்தேழு. செவ்வாய் மூன்று பத்து. புதன் ஒன்று ஐந்து. வெள்ளி பன்னிரண்டு இரண்டு. சனி பத்து ஐம்பத்தொன்பது. அடுத்த திங்கள் திரும்பவும் ஒன்பது ஐம்பத்தெட்டு.

"கிழமைக்கு ஒரு நேரம் வச்சிருக்கிறான்," என்றார் மேடம். "அந்தக் கிழமை வந்தால் அந்த நேரம்தான். ஒண்டு ரெண்டு நிமிசம்தான் வித்தியாசம்."

"ட்ரெயின் டைம் மேடம். ஆர்ஹூஸ் ட்ரெயின் புறப்படுற நேரமா இருக்கும்."

"ஆர்ஹூஸ் ட்ரெயின் திங்களுக்கு ஒண்டு செவ்வாய்க்கு ஒண்டோ?"

"அப்போ ஃபேக்டரி இடைவேளை."

"ஞாயிற்றுக்கிழமையும் ஒண்டு வந்திருக்கு பிள்ளை. ஞாயிறிலை எந்த ஃபக்டரி திறக்கும்?"

வாயை மூடிக்கொண்டேன். மூடின வாயோடு சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் சுவரில் அது தொங்கியது. யாழ்ப்பாணத்தில் அச்சடித்த தினசரிக் காலண்டர், மேலே பிள்ளையார், கீழே நல்ல நேரம், ராகு காலம். வெள்ளி ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. வெள்ளி மிரட்டல் பன்னிரண்டு இரண்டு. எனக்குத் தலைக்குள் பல்பு எரிந்தது. என் அம்மா ராகு காலத்தில் கேஸ் சிலிண்டர்கூட மாற்றமாட்டாள். ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்து மிரட்டுகிற ஒருவன், அப்படியானால் அவன் நம்ம ஆள்.

ஓடிப்போய் மேடத்திடம் கிசுகிசுத்தேன். மேடம் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, உடனே போனது.

"செவ்வாய்க்கு ராகு காலம் எப்ப?"

"மூணுலேர்ந்து நாலரை."

"மிரட்டல் மூண்டு பத்துக்கு. ராகு காலத்துக்குள்ளை. புதன்?"

"பன்னண்டுலேர்ந்து ஒன்றரை," என்றேன். அதைச் சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. புதன் மிரட்டல் ஒன்று ஐந்துக்கு. அதுவும் உள்ளே. பல்பு அணைந்தது.

இரண்டு பத்துக்குச் சாரங்கி ட்ராக்சூட் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கல்லூரி இருபது நிமிஷத் தூரம், அணி மூன்று மணிக்கே கூடுகிறது. தாய் சுஜீதா வாசல் கதவுக்குக் குறுக்கே நின்றார். கையில் ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க். இரண்டு வாரமாக அந்தப் பெண்மணி தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"மூண்டு மணிக்குப் பிறகு வெளிக்கிடுங்கோ. இப்ப ராகு காலம். ஒண்டரையிலையிருந்து மூண்டு மட்டும்."

"உது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு," என்றார் தேவராசா, செருப்பு மாட்டிக்கொண்டே. "அங்கை பன்னிரண்டு மணித்தியாலம் வெயில். இஞ்சை எட்டு மணித்தியாலம்தான் வெளிச்சம். ராகு காலம் அதிலை எட்டிலை ஒரு பங்கு, ஒரு மணித்தியாலம்தான் வரும். இண்டைக்கு ரெண்டு ஐஞ்சோடை முடிஞ்சுது. எத்தினை தரம் உமக்குச் சொல்லுறது."

"உங்கடை கணக்கு உங்களோடை."

"என்ரை கணக்கில்லை, சூரியன்ரை கணக்கு."

புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நான் சிரிக்கப் போனேன். மேடத்தைப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. அவர் தேவராசாவின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி, ஓரத்தில் பென்சிலால் சிறு கணக்கு ஒன்று போட்டார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"பிளேன்ரீ இருக்கு, பிள்ளைக்குக் குடுங்கோ," என்று சுஜீதா ஃபிளாஸ்க்கை என் கையில் திணித்தார். "இஞ்சியும் போட்டிருக்கிறன்." அவருடைய விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

காரில் மேடம் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நானும் சாரங்கியும் பின்னால். மழை தூறியது. இரண்டரை மணிக்கே எதிர்வண்டிகள் எல்லாம் விளக்குப் போட்டிருந்தன. சாரங்கி தன் வலது கையைக் கோட்டுப் பைக்குள்ளே வைத்து, மேலே இடது கையால் மூடியிருந்தாள். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. இந்தப் பெண்ணின் கையை யாரோ ஒருவன் கிழமை பார்த்து, நேரம் பார்த்து விலை பேசிக்கொண்டிருக்கிறான்.

"தம்பி, நல்லாக் கணக்குப் பாக்கிறியள்," என்றார் மேடம் சாதாரணமாக. "இஞ்சத்தையான் ராகு காலம் எதிலை பாக்கிறது?"

"போனிலை இருக்கு அக்கா. ஊரின்ரை பேரைப் போட்டால் சூரியன் உதிக்கிறது, மறையிறது எல்லாம் எடுத்து அதுவே சொல்லும். சுஜீதாக்கு விளங்காது."

"செவ்வாய்க்கு எப்ப முடியும்?"

"இந்த மாசம் மூண்டு ஏழு, மூண்டு எட்டு."

செவ்வாய் மிரட்டல் மூன்று பத்து. கண்ணாடியில் மேடத்தின் கண் என்னைப் பார்த்தது, வாயைத் திறக்காதே என்றது. பக்கத்தில் சாரங்கி காதில் பாட்டு மாட்டியிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளியை நானே மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டோடு முடிகிறது. திங்கள் ஒன்பது ஐம்பத்தைந்து. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. எண்பதில் போகிற காரில், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து குதிக்கவும் முடியாமல், நான் இஞ்சித் தேநீரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரி ஹாலின் பின்பக்கம், வீராங்கனைகள் நுழைகிற இரும்புக் கதவருகில் அணியிலிருந்து இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். இரண்டும் பனைமரம். ஆளுக்கொரு பக்கமாகச் சாரங்கியை அணைத்து உள்ளே கூட்டிப்போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

மேடம் காரிலிருந்து இறங்கவில்லை.

"தம்பி, எஞ்சினை நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினார்.

"மற்றப் போனை எங்கை வச்சிருக்கிறியள்?"

"என்ன போன் அக்கா?"

"நான் இருபத்தாறு வருசம் பொலிஸுக்கு மொழிபெயர்த்தனான். 'என்ன போன்' எண்டு கேட்ட ஒவ்வொரு ஆளிட்டையும் ரெண்டு போன் இருந்தது."

தேவராசா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே அழுதார். பிறகு சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு சின்னப் பழைய போனை எடுத்து மேடத்தின் மடியில் வைத்தார். கூடவே ரப்பர் பேண்ட் போட்ட சிம் கார்டுகள்.

நான்தான் பொறுக்கமுடியாமல் குறுக்கே விழுந்தேன். "மேடம், அது முடியாது. ஒன்னு நாப்பதுக்கு இவர் நம்மளோட இதே கார்ல இருந்தார். ரெண்டு கையும் ஸ்டியரிங்ல. நான் பார்த்தேன்."

"அதுதான் பிள்ளை எனக்கும் இடிக்குது. முதல்லை இவர் சொல்லட்டும்."

அவர் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு வேலை போயிற்று. அதே மாதம் கொப்பன்ஹேகன் பக்கத்துக் கிளப் ஒன்று சாரங்கிக்குக் கடிதம் போட்டது. மாதச் சம்பளம், காப்பீடு, தங்க இடம். அப்போது அவளுக்குப் பதினேழு வயது என்பதால் கடிதம் பெற்றோர் பேருக்கு வந்தது. எப்படியோ விஷயம் லிங்பாக்கனின் விளையாட்டு அதிகாரி டோர்பனுக்குத் தெரிந்தது. அவர் தேவராசாவைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். அணிக்கு விளம்பரம் கொடுக்கிற காலுறைத் தொழிற்சாலையில் பகல் ஷிஃப்டில் நிரந்தர வேலை. பதிலுக்கு ஒரு சின்ன வாக்கு. மகள் மூன்று வருடம் இங்கேயே ஆடுவாள், காசு கேட்கமாட்டாள்.

"அந்தக் கடிதத்தை அவளுக்கு நான் காட்டேல்லை அக்கா. விளையாட்டுக்கு ஆர் காசு கேக்கிறது எண்டு நினைச்சன். வீட்டு வாடகை ஒரு பக்கம், தங்கச்சியின்ரை கலியாணம் ஒரு பக்கம். இப்ப இவள் மேடையிலை ஏறிச் சம்பளம் கேட்டால் டோர்பன் என்ரை வேலையை எடுத்துப்போடுவார். அதைவிட, இவளுக்கு எல்லாம் தெரிஞ்சுபோகும். அதுக்குத்தான் பயந்தனான். கொஞ்சம் பயப்படுத்தினால் தானா விட்டிடுவாள் எண்டு..."

"பெத்த பிள்ளைக்குக் கை முறியும் எண்டு எழுதினியள்."

"எழுதேக்கை எனக்குத்தான் கை நடுங்கினது."

"அப்ப ராகு காலம் பாத்தது ஏன்?" என்று கேட்டேன். எனக்கு அது புரியவே இல்லை. கெட்ட காரியத்துக்கு எதற்கு நல்ல நேரம்?

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "அந்த நேரத்திலை கெட்ட சொல்லுச் சொன்னால் பலிச்சிடும் பிள்ளை. அது முடியுமட்டும் காத்துக்கொண்டு இருந்துதான் அனுப்பினனான். பதினொண்டும்."

மேடம் சாரங்கியின் பன்னிரண்டாவது செய்தியைப் படம் பிடித்து வைத்திருந்த தன் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது ஒண்டு நாப்பதுக்கு வந்தது. உங்கடை சூரியனுக்கும் ராகு காலம், உங்கடை மனிசியின்ரை சூரியனுக்கும் ராகு காலம். இதை நீங்கள் அனுப்பமாட்டியள். அனுப்பின ஆளுக்குப் பதினொரு தடவை எண்டு எண்ணிக்கை தெரிஞ்சிருக்கு. ஆருக்குச் சொன்னனீங்கள்?"

அவர் படித்தார். முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நேற்று டோர்பன் கேட்டவர். மகளை அடக்கினதோ இல்லையோ எண்டு. நான் எல்லாத்தையும் சொன்னன், பதினொரு தரம் அனுப்பிப் பாத்திட்டன், கேக்கிறாள் இல்லை எண்டு. அவர் சிரிச்சுக்கொண்டு, சரி, மிச்சத்தை நான் பாக்கிறன் எண்டவர்." அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "அக்கா, அவர் உள்ளைதான் இருப்பார். அவரின்ரை அறை உள்ளைதான்."

மூன்று பேரும் அந்த இரும்புக் கதவுக்கு ஓடினோம். பூட்டியிருந்தது. நான் அந்தப் பன்னிரண்டாவது நம்பரைத் திரும்ப அழுத்தினேன். அணைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். என் காதில் மணி போனது. அதே நேரம், கதவுக்கு அந்தப் பக்கம், எங்கேயோ உள்ளே, ஒரு போன் மெல்ல அடித்தது.

வாழ்நாளில் அவ்வளவு பயங்கரமான சத்தத்தை நான் கேட்டதில்லை. சாதாரண ரிங்டோன்தான். மூன்று தடவை அடித்தது, சட்டென்று நின்றது.

தேவராசா கதவைக் குத்தினார். யாரும் வரவில்லை. முன்வாசலுக்கு ஓடினால் ஹாலைச் சுற்றி ஐந்து நிமிஷம். கதவுப் பக்கத்தில் எண்கள் போட்ட பூட்டு ஒன்று இருந்தது. மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதன்மேல் குனிந்தார்.

"பிள்ளை, ஹேண்ட்பால் விளையாடுறவை கையிலை என்ன பூசுறவை?"

"பிசின் மேடம். பந்து வழுக்காம இருக்க. ஆனா இப்ப எதுக்கு அது?"

"நாலு பட்டன்தான் கறுத்துப்போய் ஒட்டுது. ஒண்டு, ஆறு, எட்டு, ஒன்பது."

நாலு எண்ணை இருபத்துநாலு விதமாகப் போடலாம், அது என் பழைய தொழில். ஆனால் போட வேண்டி வரவில்லை. பதறிக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில், சுவர் முழுக்க, கல்லூரியின் பேரும் '1968 முதல்' என்பதும் எழுதியிருந்தது. பூட்டு போடுகிற மகராசன்களுக்குக் கற்பனை இருந்ததாகச் சரித்திரமே இல்லை. அழுத்தினேன். திறந்தது.

நீளமான நடை. கடைசியில் பந்துகள் வைக்கிற அறை, தடித்த இரும்புக் கதவு. அதன் நிலையில் சாரங்கியின் வலது கை இருந்தது. நான்கு விரல்களும் நிலையைப் பிடித்தபடி. அவள் உள்ளே, சுவரோடு ஒட்டி. கதவின் கைப்பிடியை ஒரு நரைத்த தலை மனிதர் பிடித்திருந்தார், கதவை முக்கால்வாசி சாத்தின நிலையில். அவருடைய இன்னொரு கை அவளுடைய மணிக்கட்டை நிலையோடு அழுத்தியிருந்தது. அவர் மிக அமைதியாக டேனிஷில் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கட்டடத்தில் கதவுகள் காற்றில் தானாக அடிக்கும். வருடத்துக்கு ஒன்றாவது நடக்கும். நான் எத்தனை தடவை மேலிடத்துக்கு எழுதிவிட்டேன் தெரியுமா."

நான் தைரியசாலி இல்லை. யோசித்திருந்தால் ஓடியிருக்கமாட்டேன். ஓடின வேகத்தில் கையிலிருந்த ஃபிளாஸ்க்கைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகினேன். அவர் திரும்பின பதற்றத்திலா, வேண்டுமென்றா, இன்றுவரை அவர் ஒன்று சொல்கிறார் நாங்கள் ஒன்று சொல்கிறோம், கதவு அடித்தது. ஸ்டீல் ஃபிளாஸ்க் நடுவில் மடங்கியது. இஞ்சித் தேநீர் என் கோட்டெல்லாம் கொட்டியது. சாரங்கியின் விரல்கள் அதற்கு ஒரு அங்குலம் மேலே, முழுசாக இருந்தன.

அவள் கையை உருவிக்கொண்டு நடையில் வந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டு பனைமரப் பெண்களும் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்று டோர்பன் கூப்பிட்டாராம், அதிகாரிதானே என்று விட்டார்களாம். இப்போது அவர்கள் அதிகாரியை இரண்டு பக்கமும் பிடித்துப் பந்துகளின் நடுவே உட்காரவைத்தார்கள். மேடம் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த போனை அங்கேயே இருக்கவிட்டு, போலீசுக்கு அடித்தார். இருபது நிமிஷம் என்றார்கள்.

டோர்பன் மூச்சு வாங்கிக்கொண்டு சாரங்கியைப் பார்த்துச் சொன்னார். "என்னைப் பிடிக்கிறதற்கு முன்னால் உன் அப்பாவைக் கேள். அந்தப் பதினொன்றை யார் எழுதினது என்று. நீ மேடையில் வாயைத் திறந்தால் முதலில் போவது அவர் வேலை, இரண்டாவது அவர் மானம்."

சாரங்கி தகப்பனைப் பார்த்தாள்.

"பதினொண்டும் நீங்களோ அப்பா?"

"ஓம்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கடிதம், காப்பி, வேலை, வாக்கு. சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"நான் அறைக்குள்ளை நடுங்கிக்கொண்டு இருக்கேக்கை நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"காருக்குள்ளை. ராகு காலம் முடியுமட்டும். சொன்னது பலிச்சிடக் கூடாதெண்டு."

அவள் கொஞ்ச நேரம் அந்த மடங்கின ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள். பிறகு எழுந்து, அவரைத் தொடாமல், அவரைத் தாண்டி உடை மாற்றும் அறைக்குப் போனாள். அவர் கூடப் போக ஓரடி வைத்தார். மேடம் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

நாலு மணிக்கு ஹால் நிரம்பி வழிந்தது. போலீஸ் பின்வாசல் வழியாக வந்து டோர்பனைக் கூட்டிப்போயிற்று. தேவராசாவிடம் நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். மேடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார், அந்தச் சின்னப் போனையும் ஒரு சிம்மையும் மட்டும் ஐந்து நிமிஷம் கழித்துத் தருகிறேன் என்று எப்படியோ பேசி வாங்கிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்டேன். "தம்பி கேட்டவர், நான் என்ன செய்ய," என்றார் மேடம். திரும்பிப் பார்த்தேன், கடைசி வரிசையில் தேவராசா தனியாக உட்கார்ந்திருந்தார்.

சாரங்கி மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். பதினைந்து பேரும் அவளுக்குப் பின்னால். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. திரும்பத் திறந்தாள். நெற்றியில் வியர்வை. கல்லூரித் தலைவர் முதல் வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் ஆளைப் பிடித்துக் கொடுத்தாலும் எழுந்து போகாது என்பதை நான் அப்போது பார்த்தேன். எனக்கே வேர்த்தது.

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

அவள் உடம்பு தூக்கிவாரிப் போட்டது, ஹாலின் கடைசிவரை தெரிந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். பழைய நம்பர்களில் ஒன்று. பதின்மூன்றாவது. மேடம் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். சாரங்கி திரையைப் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று பிற்பாடு எனக்குக் காட்டினாள். முதல் தடவையாகத் தமிழில், இரண்டே சொல்.

'கதை, பிள்ளை.' அவர்கள் ஊர்ப் பேச்சில் கதை என்றால் பேசு.

அவள் கண்ணைத் துடைக்கவில்லை, கடைசி வரிசையைப் பார்க்கவும் இல்லை. போனை அணைத்து மேசைமேல் வைத்தாள். டேனிஷில், ஒவ்வொரு சொல்லாக, பேசத் தொடங்கினாள்.

"நாங்கள் சம்பளமில்லாமல் ஆடுகிறோம் என்று சொல்லத்தான் வந்தேன். என்னைப் பொறுத்தவரை அது பொய் என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. இரண்டு வருடமாக என் ஆட்டத்துக்கு இந்தக் கல்லூரி சம்பளம் கொடுத்திருக்கிறது. பேசினவர்கள் இரண்டு பேர். வாங்கினவர் ஒருவர். ஆடின என்னிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதித் தாருங்கள் என்கிறோம். எங்கள் பேருக்கு, எங்கள் கையில்."

யார் வாங்கினது என்று முன் வரிசைப் பத்திரிகைக்காரி கேட்டாள்.

சாரங்கி வலது கையை உயர்த்திக் கடைசி வரிசையைக் காட்டினாள். கையை இறக்கவில்லை.

தேவராசா எழுந்து நின்றார்.